அவர்கள் வீட்டு நாள்: பிறர் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது எப்படி

2025ஆம் ஆண்டு மார்ச் 30 யுகாதி. மறுநாள் ரம்ஜான். ஏப்ரல் 10 மகாவீர் ஜெயந்தி. 14 சித்திரை முதல் நாள், மலையாளிகளுக்கு விஷு. 18 புனித வெள்ளி. 20 ஈஸ்டர். மூன்றே வாரத்துக்குள் இத்தனையும் வந்து போயின. சென்னையிலோ கோவையிலோ ஓரளவு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால், இவற்றில் பெரும்பாலானவற்றைக் கொண்டாடுகிற குடும்பங்கள் அங்கேயே இருக்கும்.

அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு முதலில் தோன்றுகிற எளிய வழி, “அனைவருக்கும் இனிய விழாக்கால வாழ்த்துகள்” என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. யாரும் விடுபடவில்லை, யாருக்கும் மனத்தாங்கல் வராது என்ற நிம்மதி கிடைக்கும். ஆனால் இந்த மூன்று வாரத்தில் ஒரு மாத நோன்பை முடித்தவரின் மகிழ்ச்சி இருக்கிறது. இயேசுவின் மரணத்தை நினைத்து உபவாசம் இருப்பவரின் துக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வரி எப்படிப் பொருந்தும்? எல்லோருக்குமாக எழுதிய வாழ்த்தை யாரும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

பண்டிகை அதைக் கடைப்பிடிக்கிறவருடையது. அவர் என்றைக்குக் கடைப்பிடிக்கிறார், என்ன பெயரில் சொல்கிறார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்று பார்த்து வாழ்த்த வேண்டும். அதற்கு ஒருவருடைய மதம் தெரிந்தால் போதாது, ஆளைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வருகிற எல்லா யோசனைகளும் இதிலிருந்து பிறப்பவைதான்.

நாள் தெரிய வேண்டும்

நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் இருப்பதாலேயே அந்தத் தேதி உறுதி என்று எண்ண வேண்டாம். முஸ்லிம்களின் இரண்டு பெருநாள்களான ரம்ஜானும் பக்ரீத்தும் பிறை பார்த்து முடிவாகிறவை. 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10ஆம் தேதியே ரம்ஜான் பெருநாள் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 11ஆம் தேதி. பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வேலைக்கு வருகிற ஒருவருக்கு முதல் நாளே பெருநாள், பக்கத்து மேசைக்காரருக்கு இன்னும் ஒரு நோன்பு பாக்கி. எனவே ஒரு வாரத்துக்கு முன்பே வாழ்த்தை எழுதி, தானாகப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் பழக்கம் ரம்ஜானுக்கு ஆகாது. தமிழ்நாட்டில் தலைமைக் காஜியின் அறிவிப்பு முந்தின இரவே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். காலைத் தொழுகை முடிந்து வீடு திரும்புகிற நேரம் பேசுவதற்கு நல்ல நேரம்.

இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு முறையும், டிசம்பர் இறுதியில் மறுமுறையும் நோன்பு தொடங்கும். 2030, 2031 இரண்டு ஆண்டுகளிலும் பொங்கல் நோன்பு மாதத்துக்குள் வரும். காலையில் பொங்கி இறக்கியதும் பக்கத்து வீட்டுக்குச் சுடச்சுடக் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். அந்த இரண்டு ஆண்டுகளில் முஸ்லிம் வீட்டுக்கான பங்கை எடுத்துவைத்து, மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தை ஒட்டிக் கொடுங்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் வந்து சேர்கிற அந்தக் கிண்ணத்தின் மதிப்பே வேறு.

தீபாவளியிலும் வீட்டுக்கு வீடு நேரம் வேறுபடும். தமிழ் வீடுகளில் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்துவார்கள். “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்பதே அந்தக் காலைக்கான வாழ்த்து. சௌகார்பேட்டை மார்வாடிக் குடும்பத்திலும் குஜராத்திக் குடும்பத்திலும் அமாவாசை மாலையில் செய்யும் லட்சுமி பூஜைதான் முக்கியம். அதை அடுத்து குஜராத்திகளுக்குப் புத்தாண்டு பிறக்கிறது. சமணர்களுக்கோ அது மகாவீரர் முக்தி அடைந்த நாள். சமணர் என்றாலே வடநாட்டிலிருந்து வந்த வியாபாரிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். நயினார் என்ற பெயரோடு உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருக்கலாம்.

வாழ்த்துச் சொல்லக் கூடாத நாட்கள்

விடுமுறை விட்டிருந்தால் அது கொண்டாட்டம்தான் என்று எண்ணிக்கொள்வதால் ஆண்டுதோறும் பலர் மனம் புண்படுகிறது. புனித வெள்ளி அன்று “ஹேப்பி குட் ஃப்ரைடே” என்று செய்தி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் அனுப்புவதில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் கிறிஸ்தவ நண்பர் பல நாள் தவக்காலத்தின் முடிவில் நிற்கிறார்; சிலர் அதை லெந்து காலம் என்பார்கள். அன்று பலர் உபவாசம் இருப்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்கள் பலவற்றில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். கத்தோலிக்கர்கள் சிலுவைப் பாதையில் நடப்பார்கள். அங்கே வாழ்த்துக்கு இடமில்லை.

அன்று செய்யக்கூடியது, அவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. அந்த மூன்று மணி நேரத்தில் வேலை விஷயமாகக் கூப்பிடாதீர்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், “இன்று ஆலயத்துக்குப் போவீர்கள் என்று தெரியும். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்” என்றால் போதும். கத்தோலிக்க ஆலயங்களில் சனிக்கிழமை இரவு வழிபாட்டோடு ஈஸ்டர் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மனம் நிறைய வாழ்த்துங்கள். இலங்கையில், குறிப்பாக மட்டக்களப்பிலும் நீர்கொழும்பிலும் உறவினரோ நண்பரோ இருந்தால் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள்; மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அங்கே ஈஸ்டர் மகிழ்ச்சியான நாள்தான், கூடவே நினைவு நாளும்கூட. பட்டாசும் முயலும் முட்டையுமாக ஆடுகிற படத்தை அங்கே அனுப்பாமல், நான்கு வார்த்தை சொந்தமாக எழுதி அனுப்புங்கள்.

முஹர்ரமும் அப்படித்தான். இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதம் என்பதால் அதைப் புத்தாண்டு என்று எண்ணிப் பலர் வாழ்த்துகிறார்கள். அரசு விடுமுறை வருவது அந்த மாதத்தின் பத்தாம் நாளில். கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைனும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்ட நாள் அது. ஷியா முஸ்லிம்களுக்கு அது அழுகையின் நாள். சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் ஷியாக்களுடையது. அந்த நாளில் அந்தப் பகுதியில் கறுப்பு உடை அணிந்தவர்களைப் பார்க்கலாம். சுன்னிகளில் பலர் ஒன்பதும் பத்தும் நோன்பு வைப்பார்கள். யாருக்கும் அது “இனிய” முஹர்ரம் இல்லை.

நாட்காட்டியில் அச்சடிக்காத துக்க நாட்களும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26, சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலியானார்கள். நாகை, கடலூர், கன்னியாகுமரி கடற்கரை ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் அன்று கடலில் பால் ஊற்றுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்த ஊர்க்காரருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து 25ஆம் தேதி இரவுக்குள் போய்விட வேண்டும். மறந்துவிட்டால் 26ஆம் தேதி அனுப்பாதீர்கள். இரண்டு நாள் பொறுத்து, புத்தாண்டு வாழ்த்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

அதைவிட அடிக்கடி நேர்வது, அந்த ஆண்டில் சாவு விழுந்த வீடு. நெருங்கிய பங்காளி வீட்டில் ஒருவர் இறந்திருந்தால், ஓராண்டுக்குப் பல இந்துக் குடும்பங்களில் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். “இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லைங்க” என்பதை அவர்களே ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கும்படி விடக் கூடாது. அவர்கள் எண்ணுக்கு மட்டும் வாழ்த்துப் படம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அந்த வீட்டை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அவர்கள் பலகாரம் சுடுவதில்லை என்பதாலேயே உறவும் அக்கம்பக்கமும் கொண்டுபோய்க் கொடுப்பது பழைய வழக்கம். வாழ்த்து என்ற சொல்லே இல்லாமல், “பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தேன், அக்கா” என்று முறுக்கையும் அதிரசத்தையும் நீட்டினால், அன்றைக்கு அந்த வீட்டுக்கு வேண்டியது அதுதான். கணவரை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருப்பார். அந்த வீட்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

மதம் ஒன்று, வழக்கம் பல

முஸ்லிம் என்றால் மீலாது நபி கொண்டாடுவார், கிறிஸ்தவர் என்றால் டிசம்பர் 25 கொண்டாடுவார், இந்து என்றால் தீபாவளி கொண்டாடுவார் என்று கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் கணிசமானோர் நபிகளின் பிறந்தநாளை விழாவாகக் கொண்டாடுவது மார்க்கத்தில் இல்லாதது என்று கருதுகிறார்கள். தர்காக்களோடு தொடர்புள்ளவர்கள் விமரிசையாகக் கொண்டாடுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் சில கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை; யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸும் கொண்டாட மாட்டார்கள், பிறந்தநாளும் கொண்டாட மாட்டார்கள். பெரியார் வழி வந்த குடும்பங்கள் பலவற்றில் மூன்று தலைமுறையாகத் தீபாவளி கிடையாது, பொங்கல்தான் பெருவிழா. இரு பெருநாள்களுக்கும் முஸ்லிம் நண்பர் எவரையும் தயங்காமல் வாழ்த்தலாம். மீலாதுக்கு மட்டும், அவர் கொண்டாடுவது தெரிந்தால் சொல்லுங்கள்.

சித்திரை முதல் நாள் நமக்குள்ளேயே வழக்கு நடந்த நாள். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது. 2011இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போனாலும் தையைப் புத்தாண்டாகக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரையைக் கொள்கிறவர்களும் மாறவில்லை. இதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். வாழ்த்து அந்த வழக்கைப் பேசுகிற இடமில்லை. சித்திரையில் மாங்காய்ப் பச்சடி செய்கிற வீட்டுக்குச் சித்திரையில் சொல்லுங்கள். தையில் புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறவருக்குத் தையிலேயே பதில் சொல்லுங்கள்.

பெயரைப் பொறுத்தவரை, அவர்கள் வீட்டில் புழங்குகிற பெயரைச் சொன்னால் நெருக்கம் கூடும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்பார்கள். ரம்ஜான் வாழ்த்து, பக்ரீத் வாழ்த்து என்றாலும் யாரும் குறை சொல்வதில்லை. உச்சரிப்பு தவறிவிடுமோ என்று பயந்து வாழ்த்தாமலே இருந்துவிட வேண்டாம். “நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்” என்பதில் தவறிப்போக ஒன்றுமில்லை.

அலுவலகத்தில்

வாழ்த்துவது வேறு, வழிபாட்டில் சேர்ப்பது வேறு. அலுவலகங்களில் இந்தக் கோடு அழிந்துபோவதால்தான் பெரும்பாலான மனவருத்தம் வருகிறது. ஆயுத பூஜை அன்று பொரிகடலையும் சுண்டலும் எல்லோருக்கும் பகிர்வது நல்ல வழக்கம். வரிசையில் நிற்க வைத்து எல்லோர் நெற்றியிலும் குங்குமம் இடுவதும், “ஒரு நாளைக்கு வெச்சுக்கிட்டா என்ன?” என்று கேட்பதும் வற்புறுத்தல். மறுக்கிறவர் மரியாதையில்லாதவர் ஆகிவிடுகிறார். ஒப்புக்கொள்கிறவர் மனம் ஒப்பாமல் நிற்கிறார். எல்லோரையும் அழையுங்கள், பூஜை நேரத்தைச் சொல்லிவிடுங்கள். வருவதும் தள்ளி நிற்பதும் அவரவர் விருப்பம் என்று முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். சமத்துவப் பொங்கல் வைக்கும்போதும் இதே முறை. கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றின் வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள் என்பதை வைத்துக்கொண்டு, சூரியனுக்குப் படைக்கத் தயங்குகிற இன்னொரு கிறிஸ்தவரிடம் வாதாடக் கூடாது.

மற்றொன்று, பிரியாணி. “என்ன பாய், பிரியாணி எப்போ?” நெடுநாள் நண்பன் கேட்டால் அதில் உரிமை இருக்கிறது. சேர்ந்து ஒரு மாதமே ஆன சக ஊழியரிடம் இருபது பேர் அதையே கேட்டால், அவருடைய முப்பது நாள் நோன்பும் ஈகையும் தொழுகையும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமாகச் சுருங்கிவிடுகிறது. இருபது பேருக்கும் சமைத்துப்போடும் செலவு வேறு. “கேக் எங்கே?” என்ற கேள்விக்கும் இது பொருந்தும். பக்ரீத்துக்கு “ஆடு வெட்டியாச்சா?” என்று கேட்பதை அடியோடு விட்டுவிடலாம். குர்பானி இறைச்சியில் ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு உற்றாருக்கு, ஒரு பங்கு வீட்டுக்கு என்று பிரிப்பது வழக்கம் என்பது தெரிந்தால் கேள்வியே மாறிவிடும். பெயர் தெரிந்த ஒருவரைப் “பாய்” என்று கூப்பிடுவதையும் யோசியுங்கள். அவருக்குப் பிடித்திருந்தால் சரி. அண்ணே, சார், மேடம் என்று மற்றவர்களை எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே அவரையும் அழைக்கலாம்.

பலகாரத் தட்டு

நம் ஊரில் வாழ்த்து பெரும்பாலும் தட்டோடுதான் போகிறது. இறைவனுக்குப் படைத்ததை முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரும் உண்பதில்லை. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டையை அவர்களுக்குக் கொடுக்க விரும்பினால், படையலுக்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியே எடுத்துவைத்து, “இது சாமிக்கு வைக்கலை” என்று சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குப் பெரிய ஆறுதல். முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளிலிருந்து தட்டு போகும்போது, சைவ வீட்டுக்குப் பழமும் கடையில் வாங்கிய இனிப்பும் போதும். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளின் வட்டலப்பத்தில் முட்டை உண்டு, கிறிஸ்துமஸ் கேக்கிலும் முட்டை உண்டு. கேக்கில் ஒயினோ ரம்மோ சேர்த்திருந்தால் முஸ்லிம் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். சமணர்களில் பலர் கிழங்கு வகை உண்பதில்லை, சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதும் இல்லை. அவர்களுக்குப் பகலில் கொடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர்

அங்கே வாழும் தமிழர்கள் இந்தக் கலையில் நம்மைவிடப் பழகியவர்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் மலேசியாவில் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கிறது. 2005இல் தீபாவளி நவம்பர் 1, நோன்புப் பெருநாள் நவம்பர் 3 என்று அடுத்தடுத்து வந்தபோது, இரண்டையும் சேர்த்துத் “தீபராயா” என்றே அழைத்தார்கள். மலாய்க்காரர்கள் “செலாமட் ஹரி ராயா” என்று வாழ்த்துவதோடு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் கேட்பார்கள். உங்களிடம் கேட்டால் நீங்களும் திருப்பிக் கேட்பதுதான் பதில். சீனர் வீட்டுக்குப் புத்தாண்டில் போகும்போது ஆரஞ்சுப் பழங்களை இரட்டைப்படையில், இரு கையாலும் கொடுங்கள்; கறுப்பு உடை வேண்டாம். கொண்டாட்டம் பதினைந்து நாள் நீடிப்பதால் முதல் நாளே சொல்ல முடியவில்லை என்று வருந்த வேண்டியதில்லை.

அறிவிப்புப் பலகையும் வாட்ஸ்அப்பும்

குடியிருப்புப் பலகையில் ஓங்காரம், சிலுவை, பிறை மூன்றையும் சேர்த்து வரைவது நம் வழக்கம். ஆண்டு முழுவதும் இருக்கிற பலகைக்கு அது அழகுதான். ஆனால் பெருநாள் அன்று போடுகிற வாழ்த்தில் பிறை மட்டும் இருக்கட்டும், கிறிஸ்துமஸ் அன்று குடிலும் விண்மீனும் மட்டும் இருக்கட்டும். ஒரு வீட்டின் நாளில் மற்ற எல்லோருக்கும் பங்கு கேட்க வேண்டாம். நபிகளை உருவமாக வரைந்த எந்தப் படத்தையும் எந்நாளும் அனுப்பக் கூடாது. எங்கிருந்தோ வந்த படத்தை இன்னொரு நிறுவனத்தின் முத்திரையோடு அப்படியே தள்ளிவிடுவதைவிட, “ஈஸ்டர் திருநாள் வாழ்த்துகள், மேரி அக்கா. இந்த முறை ஊருக்குப் போகவில்லையா?” என்று கேட்கிற வரி நூறு மடங்கு மேல்.

மதம் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது மட்டும் பொதுவான சொற்கள் பயன்படும். ஜனவரி 1க்கு ஒரு புத்தாண்டு வாழ்த்து அனுப்பலாம். பொங்கலுக்கும் பொதுவாக அனுப்பலாம். தமிழ்நாட்டில் அதை மதம் கடந்து ஏற்பவர்கள் மிகுதி.

தவறான வாழ்த்து உங்களுக்கு வந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். தீபாவளி கொண்டாடாதவருக்குத் தீபாவளி வாழ்த்து வந்தால், “நன்றி, உங்கள் வீட்டுக்கு என் வாழ்த்துகள்” என்பதே முழுப் பதில். பிற மதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வதே தன் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று கருதுகிறவரும் இருக்கிறார். அவர் “நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அதை நல்ல மனத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

சங்கச் செயலாளர்களுக்கும் அலுவலக நிர்வாகிகளுக்கும் ஒரு வேலை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் மூன்றைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பண்டிகைக்கு வாழ்த்தினால் மகிழ்வீர்கள், எந்த நாளில் தொந்தரவு வேண்டாம், சாப்பாட்டில் எது ஆகாது. மதம் என்ற கட்டமே அந்தத் தாளில் வேண்டாம். பதில் சொல்ல விரும்பாதவரை விட்டுவிடுங்கள். அந்த ஆண்டில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள், ஆண்டு திரும்பியதும் எடுத்துவிடுங்கள். வாடகை வீடுகள் மிகுந்த குடியிருப்பில், கோடை விடுமுறையில் வீடு மாறி வந்தவர்களை ஜூனில் பள்ளி திறக்கும்போது பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.